புளி போடாத ஞாயிறுகள்

முதன்முதலாக ஒயின் கோப்பையைக் கையில் வாங்கியபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. எங்கள் கிராமத்தில் திராட்சை ரசம் என்றால் அது பூசையில் சாமியார் உயர்த்திப் பிடிக்கிற பாத்திரத்துக்குள் இருப்பது. அதன் நிறம்கூட எனக்குத் தெரியாது. கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை, காரைக்காலில் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஆட்டுக்கறி வறுவலுக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக் கோப்பையில் அது சாதாரணமாக வந்து உட்கார்ந்தது. நான் சிலுவை போட்டேன். எல்லாருடைய கையும் சோற்றில் அப்படியே நின்றது. என் மனைவி, நாலு நாள் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அங்கிருந்து அவள் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"மாப்ளை, அது சாமி இல்லை. கறிக்குத் துணை. பயப்படாமக் குடிங்க" என்றார் மாமனார்.

அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள் காரைக்காலில். எந்தெந்த நாட்டிலோ சண்டை போட்டுவிட்டு அவர் கொண்டுவந்த பழக்கம் ஒன்றே ஒன்று: பூசை முடிந்து வந்ததும் ஒரு புட்டி திறக்க வேண்டும். பிரான்சிலேயே தங்கிவிட்ட என் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைகளுக்குள் சுருட்டிச் சில புட்டிகள் கொண்டுவருவார். மாமனாரின் பழைய கூட்டாளிகள் வந்தால் அவர்கள் பங்குக்கு ஒன்றிரண்டு. அது எழுபதுகளின் நடுப்பகுதி. ஆனால் மாமனார் எதையும் எதோடும் குடிப்பார். கருவாட்டுக் குழம்போடு குடிப்பார், ஊறுகாயோடு குடிப்பார். அந்த வீட்டின் நாக்கு என் மனைவியிடம் இருந்தது.

அதை நான் கண்டுகொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று. தனிக்குடித்தனம் வந்த பிறகு, எங்களுக்கென்று மாமனார் கொடுத்தனுப்பிய முதல் புட்டியைத் திறந்த அன்று, அவள் அடுப்பில் இருந்த மீன் குழம்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். பிறகு ஒரு வாய் சிவப்பு ஒயின். முகம் சுளித்தாள்.

"துருப்பிடிச்ச ஆணியை வாயில போட்ட மாதிரி இருக்குங்க."

எனக்கும் கொடுத்தாள். ஆணிதான். குழம்பு தனியாக நன்றாக இருந்தது, ஒயின் தனியாக நன்றாக இருந்தது, சேர்ந்ததும் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. அவள் இடுப்பில் கைவைத்து அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "புளிதான்" என்றாள் கடைசியில். "புளிக்கும் இதுக்கும் ஏழாம் பொருத்தம். ஒண்ணு இருக்கிற வீட்டில இன்னொண்ணு இருக்காது."

அப்படித் தொடங்கியது எங்கள் புளி போடாத ஞாயிறு. டெல்டாக்காரிக்குப் புளியை விடுவது லேசில்லை. ஒரு ஞாயிறு மாங்காய் போட்டுப் பார்த்தாள், ஒரு ஞாயிறு தக்காளி. இறாலைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, தாளிப்பு வடகத்தை நெய்யில் பொரித்துக் கொட்டி, அதற்கு வெள்ளை ஒயின் வைத்தபோது இரண்டு பேரும் பேசவில்லை. பேசினால் வாயைத் திறக்க வேண்டுமே. மிளகு நண்டுக்கு, மச்சான் தவறிப்போய் வாங்கிவந்த இனிப்பு ஒயின் பொருந்தியது. காரம் ஒரு பக்கம் இழுக்க இனிப்பு மறுபக்கம் இழுக்க, நடுவில் நாக்கு ஊஞ்சலாடியது. சுட்ட கத்திரிக்காய்க்குச் சிவப்பு ஆகும். முருங்கைக்காய்க்கு எதுவும் ஆகாது. "அது தனிக்காட்டு ராஜா, விட்டுடுங்க" என்பாள்.

காரைக்கால்மேட்டிலிருந்து கூடை சுமந்து வருகிற மீன்கார அம்மாளுக்கே எங்கள் கதை தெரிந்துபோனது. வாசலில் கூடையை இறக்கும்போதே கேட்பாள்: "என்னா சாரு, இன்னைக்குப் புளிக் கொழம்பா, வெள்ளைக்காரக் கொழம்பா? அதச் சொன்னாத்தானே எந்த மீன் குடுக்கிறதுன்னு தெரியும்."

"வெள்ளைக்காரக் கொழம்புதான்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"அப்ப இந்தக் கொடுவாயை எடுத்துக்க ஆயி. முள்ளு கம்மி. தொர தொண்டையில சிக்காது."

தொரை நான்தான். ஒரு அலுவலகத்தில் எழுத்தர். சாயங்காலங்களில் வசனமும் இல்லாத கவிதையும் இல்லாத எதையோ எழுதிச் சிறுபத்திரிகைகளுக்கு அனுப்புகிறவன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன். அரசலாற்றங்கரையில் நடப்பேன், கடற்கரைக்குப் போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்தது. வாரம் முழுக்க அலைகிற கால்கள் அன்று அடுக்களை வாசற்படியில் மடங்கும். அவள் தன் உள்ளங்கையில் ஒரு கரண்டி விட்டுக்கொள்வாள், நான் என் உள்ளங்கையை ஏந்துவேன், அதிலும் சூடாக ஒரு கரண்டி விழும்.

எண்பதுகள் பிறந்து சில வருடங்கள் போயிருக்கும். ஒரு கோடையில் அவள் நாக்குக்கு அடியில் ஒரு புண் வந்தது. கொய்யாப்பழக் கொட்டை கிழித்திருக்கும் என்றாள். தேன் தடவினாள். மணத்தக்காளிக் கீரை தின்றாள். வெற்றிலைகூடப் போடாதவள். என்னிடம் காட்டுவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டிருந்தது.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வழி சொன்னார்கள். நாக்கில் பாதியை எடுத்துவிடுவது ஒன்று. கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, இன்னொன்று. டாக்டர் எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் கையை உயர்த்திவிட்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"நாக்கை எடுக்க வேணாங்க. கரண்ட்டே வையுங்க."

ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. வாயில் எச்சில் வற்றிப்போனது. ஒரு தம்ளர் தண்ணீர் இல்லாமல் அவளால் ஒரு வாக்கியம் பேச முடியாது. புண் ஆறிவிட்டது என்றார்கள். ஊருக்குக் கூட்டிவந்தேன். வந்த அன்று காபியைக் குடித்துவிட்டு, "சர்க்கரை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். போட்டிருந்தேன். மறுநாள் ஒரு கல் உப்பை வாயில் வைத்துக்கொண்டு அது கரையும்வரை நின்றாள். "மணல் மாதிரி இருக்கு" என்றாள். சில பேருக்கு ஆறு மாதத்தில் ருசி திரும்பும், சில பேருக்குக் கூடுதலாகும், பொறுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மது கூடவே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

அவள் பொறுத்தாள். ஆனால் அடுப்பை விடவில்லை. நான் சமைக்கிறேன் என்றால், "நீங்க சுடுதண்ணியைத் தீய விடுற ஆளு" என்பாள். இப்போது குழம்பு என் உள்ளங்கையில் மட்டும் விழுந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"உப்பு?"

அந்த முதல் நாள் அவள் உப்பை இரண்டு தடவை போட்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது. அவள் கண்ணும் தெரிந்தது. வற்றிய உதடுகளைத் திறந்தபடி, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

"சரியா இருக்கு" என்றேன் உடனே.

"நெசமா?"

"எப்பவும் போல இருக்கு."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காக நான் எவ்வளவு உப்பையும் தின்றிருப்பேன். தின்றேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். அவள் கொல்லைப்புறம் போகும் நேரம் பார்த்து மோரைக் கலந்து விழுங்கினேன். நான் சரி என்றதுதான் அவளுக்கு அளவு. நேற்றைய கை இன்றைக்கும் சரி. இன்றைக்குக் கை கொஞ்சம் தாராளமாக விழுந்து, அதற்கும் நான் சரி என்றால், நாளைக்கு அதுதான் அளவு. இப்படி மாதக்கணக்கில் எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு ஏறிக்கொண்டே போனது, அவளுக்குத் தெரியாமல், நான் பார்த்துக்கொண்டிருக்க.

மாமனார் தினமும் வந்து மகளைப் பார்ப்பார். சாப்பிடமாட்டார். உடம்பு முடியாத பிள்ளை கையால் ஆக்கச் சொல்லித் தின்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அவள்தான் பிடிவாதமாக உட்காரவைத்தாள். தேங்காய்ப்பாலில் இறால் செய்திருந்தாள். அவர் ஒரு வெள்ளை ஒயின் கொண்டுவந்திருந்தார். வெளியே நல்ல மழை. அவருக்கும் எனக்கும் ஊற்றினார், மகளுக்கு வெந்நீர் ஊற்றினார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

"என்னம்மா, கடலையே மொண்டு வந்து ஊத்திட்டியா?" என்று சிரித்தார். அன்றைக்கு மட்டும் கை தவறிவிட்டது என்று நினைத்திருக்கிறார், பாவம். என் தட்டைப் பார்த்தார். நான் பாதி முடித்திருந்தேன். "மாப்ளை, நீங்க எப்படிங்க இதை உள்ளே தள்ளுறீங்க? பட்டாளத்துல உங்களைச் சேர்த்திருக்கணும்!"

அவள் என்னைப் பார்த்தாள்.

அவர் குடையை விரித்துக்கொண்டு தெருத் திரும்புகிறவரை அவள் வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"எத்தனை நாளா?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்தா?"

"ம்."

"என் நாக்கு போச்சு. உங்க நாக்கு இருக்குன்னு நெனச்சுத்தான் அடுப்புக்கு முன்னால நின்னேன்." மறுபடி தண்ணீர். "ரெண்டையும் எடுத்துட்டீங்களே."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பழக்கமான ஏதாவது ஒன்றைச் செய்திருப்பேன். நாலு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஓட்டலில் இட்லி வாங்கிவந்தேன். அவள் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள். ஐந்தாம் நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இனிமே பொய் சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"நான் அழுதா?"

"அழுதாலும் சொல்லமாட்டேன்."

"சரி. மீன்காரம்மா வந்தா கூப்பிடுங்க."

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்களை நான் எங்கே வைப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை. சந்தோஷம் என்று சொல்லக் கூசுகிறது. உப்புக் கம்மி என்பேன், ஒரு சிட்டிகை போடுவாள். மறுபடி உள்ளங்கை. கூடிப்போச்சு என்பேன், உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவாள். ஒரு குழம்புக்கு ஏழு தடவை என் கை ஏந்தும். சில நாள் சகிக்கவில்லை என்று சொன்னேன். அவள் உதடு கோணும், கண் கலங்கும், ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கமாட்டாள்.

ஒயினையும் அப்படித்தான் செய்தோம். நான் குடித்துச் சொல்ல வேண்டும். அவள் கேட்டு, அதற்கு என்ன சமைக்கலாம் என்று முடிவு செய்வாள். முதல் தடவை என் எழுத்து புத்தி தலைகாட்டியது. ஒரு சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு, மழைக்கு முந்தின மண் வாசனை, பழைய மரக்கதவு, யாரோ போன பிறகு மிஞ்சுகிற ஈரம் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"போதும்" என்றாள். "இதையெல்லாம் பத்திரிகைக்கு அனுப்புங்க. எனக்குக் கொழம்பு வைக்கணும். புளிக்குதா?"

"கொஞ்சம்."

"தொவர்க்குதா? நாக்குல ஒட்டிப் பிடிக்குதா?"

"ஆமா. வாழைப்பூ தின்ன மாதிரி."

"இனிப்பு?"

"இல்லை."

"முழுங்கினதுக்கு அப்புறம் எம்மாம் நேரம் நிக்குது?"

நான் எண்ணிப் பார்த்தேன். நீளமாக நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வற்றிய வாய்க்குள் அந்த நாக்கு மெல்ல அசைவது கன்னத்தில் தெரிந்தது. இல்லாத ஒன்றை அது தேடிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப கொழுப்பு வேணும், மிளகு வேணும்" என்றாள் கண்ணைத் திறந்து. "ஆட்டு ஈரல். சின்ன வெங்காயம் நெறையா. தக்காளி கூட வேணாம்."

மூன்று ஞாயிறு மூன்று விதமாகச் செய்தாள். மூன்றும் பொருந்தவில்லை என்று சொன்னேன். நாலாவதில், கடைசியாக ஒரு கரண்டி நெய் விட்டு இறக்கிய ஈரல், அந்த ஒயினுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. "சேர்ந்துடுச்சு" என்றேன். அவள் கேள்வி கேட்கவில்லை. மூன்று தடவை இல்லை என்றவன் சொல்கிறான். நம்பினாள். நான் சாப்பிடுவதை, மணையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கடைசிக் கவளம்வரை பார்த்தாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, நான் எழுந்து கை கழுவப் போன நேரத்தில், அவள் என் கோப்பையில் சுண்டு விரலைத் தொட்டு நாக்கில் வைத்திருக்கிறாள்.

"என்னங்க! இங்க வாங்க!"

பதறிக்கொண்டு ஓடினேன். விரலை நீட்டியபடி நின்றாள். கண்ணில் நீர். "எரியுது. ஆனா கசக்குதுங்க! கசக்குது!"

பாகற்காயைப் பச்சையாகக் கடித்தாள். வேப்பிலைக் கொழுந்தைப் பறித்து மென்றாள். காபித்தூளை நக்கினாள். எல்லாம் கசந்தது. அன்று மாலை முழுக்க வீட்டிலிருந்த ஒவ்வொரு டப்பாவையும் திறந்து நாக்கில் வைத்தாள். சர்க்கரை கசந்தது, அரிசி கசந்தது. "மொதல்ல கசப்பு வருது, அப்புறம் ஒண்ணொண்ணா வரும்" என்று அவளே ஒரு வைத்திய சாஸ்திரம் எழுதினாள். அப்பாவிடம் ஓடிப்போய்க் கசப்பு வந்துவிட்டது என்று சொன்னாள். நான் பார்த்த சந்தோஷங்களிலேயே கசப்புக்காகப் பட்ட சந்தோஷம் அது ஒன்றுதான்.

மறு வாரம் பாண்டிச்சேரிக்குப் போனோம். டாக்டர் விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். அவளிடம், "போய் வெளியே உட்காருங்கம்மா" என்றார். கதவு சாத்தியதும் என்னிடம் சொன்னார்: அது ருசி இல்லை. நாக்குக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத இடத்தில், புண் மறுபடி திறந்திருக்கிறது. அதிலிருந்து கசிவதுதான் வாயெல்லாம் கசக்கிறது. இனிமேல் கரண்ட் வைக்க முடியாது. வெட்டி எடுக்கவும் நேரம் கடந்துவிட்டது.

பகல் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் அவள். சீர்காழிவரை டிரைவரைப் பற்றியும், முன் சீட்டில் ஒருத்தி மடியில் வைத்திருந்த கோழியைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தாள். கோழி அவளையே பார்க்கிறதாம். அதற்குத் தெரிந்துவிட்டதாம், இவள் எதோடு எதைச் சேர்த்துச் சமைப்பவள் என்று. தரங்கம்பாடி தாண்டியதும் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? ருசி திரும்புதுன்னுதானே சொன்னாரு?"

சொல்லியிருக்கலாம். ஆமாம் என்ற ஒரு வார்த்தை. வாயில் இருந்தது. ஆனால் சத்தியம் செய்திருந்தேன். உண்மையைச் சொல்லவும் நா எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. மரங்களுக்கிடையே கடல் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. எவ்வளவு நேரம் போயிற்றோ. அவள் என் கையின் மேல் கையை வைத்தாள்.

"விடுங்க" என்றாள். "நல்ல சேதியா இருந்தா உடனே சொல்லியிருப்பீங்க. பொய்யா இருந்தாலும் உடனேதான் சொல்லுவீங்க."

காரைக்கால் வந்தது. பஸ் நின்று, எல்லாரும் இறங்கி, கோழிக்காரியும் இறங்கிப் போன பிறகு, அவள் எழுந்திருக்காமல் சொன்னாள்.

"அப்பாகிட்ட மட்டும் பொய்யே சொல்லுங்க. அவரு தாங்கமாட்டாரு. அதை நான் மன்னிச்சுடுறேன்."

மாமனார் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். அவர் கொல்லையில், கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"என்ன மாப்ளை?"

"திரும்பி வருதாம் மாமா. கசப்பு வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துடுமாம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு முழங்காலை ஊன்றி, கிணற்றோரத்து ஈர மணலை இரண்டு கையாலும் தோண்டினார். வெயிலுக்குக் கெடாமல் புட்டிகளை அங்கேதான் படுக்கவைத்திருந்தார். தேன் நிறத்தில் ஒன்றை எடுத்து, மணலை ஊதிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இனிப்பு எப்ப வருமாம்? அதுக்குன்னு இதை வச்சிருக்கேன்."

"பங்குனிக்குள்ள வந்துடும் மாமா."

பங்குனியில் அவள் போய்விட்டாள்.

நான் அந்தப் பொய்யைச் சொன்ன அன்றைக்கு அவர் அந்தப் புட்டியை மறுபடி குழியில் படுக்கவைத்தார். மணலைத் தள்ளி மூடினார். வாளித் தண்ணீரைக் கையால் மொண்டு அதன்மேல் தெளித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன்படுத்தினார். பிறகு எழுந்திருக்க முடியாமல் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் பிடித்துத் தூக்கிவிட்டேன்.